ஒன்றரை அடி அஸ்திவாரம்

ஆறடி போயிருக்க வேண்டும். ஒன்றரை அடியில் நிறுத்திவிட்டேன். கரிசல் மண்ணில் ஒன்பது அங்குலச் சுவரை ஒன்றரை அடி அஸ்திவாரத்தில் எழுப்பினால் என்ன ஆகும் என்று கரண்டி பிடித்து மூன்று நாள் ஆனவனுக்குக்கூடத் தெரியும். நான் அப்போது கரண்டி பிடித்து ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. தெரிந்தேதான் செய்தேன். இப்போது சுவர் அவள் பக்கம் ஒன்றேகால் அங்குலம் சாய்ந்து, தரையிலிருந்து உத்திரம் வரைக்கும் படிப்படியாக விரிசல் விட்டு நிற்கிறது. அடுத்த மழையைத் தாங்காது. விழுந்தால் அவள் மேல்தான் விழும். அவள் கட்டில் அந்தப் பக்கம் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அவள் என்றால் என் வீட்டுக்காரி. ஒரே வீடு, ஒரே உத்திரம், நடுவில் சுவர். இந்தப் பக்கம் மூத்தவன் அய்யாத்துரை வீட்டில் நான். அந்தப் பக்கம் இளையவன் தவசி வீட்டில் அவள். ஒன்பது வருஷம். பாகம் பிரித்த அன்றைக்கு பீரோ ஒருத்தனுக்கு, கிரைண்டர் ஒருத்தனுக்கு, அம்மா ஒருத்தனுக்கு, அப்பா ஒருத்தனுக்கு என்று அவள் அண்ணன் உட்கார்ந்து சொன்னான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கிரைண்டரைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. சரி, அது இப்போது எதற்கு. விரிசலுக்குள் ஊற்றக் கரைத்த சிமெண்ட் பால் அடியில் தங்குகிறது. கலக்கு.

விரிசலின் இரண்டு முகத்தையும் பூசி அடைத்தாயிற்று. என் பக்கம் அடிக்கு ஒன்றாக ஏழு டியூப் துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் பக்கம் அதே உயரத்தில் ஏழு பப்பாளிக் காம்பு. அது அவள் யோசனை. டியூப் இருக்கே என்றேன். காம்புன்னா வேலை முடிஞ்சதும் ஒடிச்சு எறிஞ்சிரலாம், டியூப்பை எவன் பிடுங்குறது என்றாள். விரிசல் வழியாகத்தான் சொன்னாள். மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு என்றால் விரிசல் வழியாகத்தான். புனலில் ஊற்றினால் பால் உள்ளே இறங்கி, நிரம்பி, காம்பு வழியாக அவள் பக்கம் எட்டிப் பார்க்கும். அவள் வந்துருச்சு என்று சொல்ல வேண்டும், காம்பில் களிமண்ணை அப்ப வேண்டும். நான் என் டியூப்பை மடக்கிக் கட்டிவிட்டு அடுத்ததுக்கு ஏற வேண்டும். கீழிருந்து மேலே. மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிப் பொள்ளல் விழும். இரண்டு பக்கமும் ஆள் வேண்டிய வேலை. பயல்கள் இரண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சியில் ஒருத்தன் விழிக்க மாட்டான்கள். அய்யாத்துரை ஓர் ஆளைக் கூட்டிவந்தான். கம்பி வலை அடித்து மேலோட்டமாகப் பூசிவிடலாம் என்றான் அவன். சீக்கு உள்ளே இருக்கிறது, இவன் முகத்துக்குப் பவுடர் போடுகிறான். போய்யா என்று அனுப்பினேன். மார்கழியில் கூலிக்கு ஆள் வைத்து, இந்தப் பக்கமிருந்தே சுவருக்கு அடியில் குழி எடுத்தேன். ஒன்று விட்டு ஒன்று. ஒரு குழி நிரப்பிக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு பக்கத்துக் குழியைத் திறந்தால் சுவர் உட்கார்ந்துவிடும். சுக்கான்பாறை தட்டுகிற வரைக்கும் போய்க் கான்கிரீட் ஏற்றினேன். அன்றைக்குச் செய்ய வேண்டியது. அப்புறம் செங்கல் இணைப்பைக் கீறி விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துத் தைத்தேன். மூன்று கண்ணாடிச் சில்லைக் குறுக்கே ஒட்டித் தேதி எழுதினேன். சுவர் இன்னும் அசைந்தால் சில்லு உடையும். தினமும் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். முப்பது நாள் உடையவில்லை. உடைந்திருந்தால் இன்னும் ஒரு மாசம் அடைக்காமல் விட்டிருக்கலாம். சாக்கு கிடைத்திருக்கும். சே. கொத்தன் நினைக்கிற நினைப்பா இது.

‘என்ன மேஸ்திரி, ஊத்துறீகளா, உக்காந்து தூங்குறீகளா?’ என்கிறாள். அடி டியூப்பிலிருந்து, என் முழங்கால் பக்கத்தில் சத்தம் வருகிறது. மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள். சித்தாளாக வந்தவள். தீப்பெட்டிக் கம்பெனிக் கட்டட வேலையில் சட்டி சுமந்தாள். கல்யாணம் ஆன பிறகும் அவளுக்கு வேறு வாய் வரவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. ‘ஊத்துறேன்’ என்றேன். புனலில் ஒரு செம்பு விட்டேன். குளுகுளு என்று இறங்கியது. சுவர் குடிக்கிறது. காதை வைத்தால் கேட்கும். இன்னொரு செம்பு. மத்தியானம் இரண்டு மணி. தவசி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருக்கிறான், எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. அவன் பெண்டாட்டி காளீஸ்வரி தையல் கடைக்குப் போய்விட்டாள், நாலு மணிக்குத்தான் வருவாள். உயரத்துப் பூச்செல்லாம் அந்தப் பிள்ளைதான் ஸ்டூல் போட்டு ஏறிப் பூசியது. நேற்று தெருவில் கலவைச் சட்டியை வாங்கிக்கொண்டு போகும்போது, மாமா, உள்ள வந்து ஒரு பார்வை பார்த்தா என்ன, வீடு கடிச்சிருமா என்று சிரித்தது. எப்படிப் பார்ப்பது. பாகம் பிரித்த அன்று தவசி ஒரு வார்த்தை விட்டான், நான் ஒரு வார்த்தை விட்டேன். செத்தாலும் உன் படி மிதிக்க மாட்டேன் என்று. சொன்னது சொன்னதுதான். ‘வந்துருச்சு’ என்றாள். ஒன்று முடிந்தது. டியூப்பை மடக்கிச் சரடு கட்டினேன். முழங்கால் பக்கத்துச் சத்தம் அடைந்துவிட்டது.

இரண்டாவது. உட்கார்ந்தால் இடுப்பு உயரம். இந்த இடத்தில்தான் விரிசல் முதலில் விட்டது. அவள் விழுந்த வருஷம்தான். பைப்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் தண்ணீர்ப் பைப்பில், ரேஷன் கடை வரிசையில், எங்கேயாவது கண்ணில் படுவாள். நான் தேடிப் போகமாட்டேன். போகிற வழியில் இருப்பாள். என்ன, சாப்டாச்சா. ஆச்சு. அவ்வளவுதான். அப்புறம் அதுவும் இல்லை. கட்டிலோடு கிடந்தாள், ஆறு மாசம் கழித்துக் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். பங்குனியில் ஒருநாள் சுவர் பக்கம் படுத்திருக்கிறேன், தேங்காய் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். மறுநாள் பார்த்தால் மயிரளவு கோடு. கரிசல் காய்ந்தால் வாய் பிளக்கும், மழைக்கு உப்பும். அது மேல் இருக்கிற சுவரும் கூடவே பிளந்து மூடும். சித்திரையில் சுண்டுவிரல் நுழையும். ஐப்பசியில் நூல் நுழையாது. சித்திரையில் அந்தப் பக்கத்துப் பச்சைச் சுண்ணாம்பு ஒரு கீற்றாகத் தெரியும். கட்டில் சட்டம் தெரியும். சில நேரம் அவள் கட்டைவிரல். அந்த விரலில் நகம் பிளந்திருக்கும், செங்கல் விழுந்து போன நகம், திரும்பச் சரியாக முளைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. டீயை உறிஞ்சிக் குடிப்பாள், அது கேட்கும். பல்லியோடு பேசுவாள். காளீஸ்வரி உப்பைக் கூடப் போட்டால், கடல் வத்திப் போச்சாம்ல என்பாள். ஐப்பசி வந்தால் எல்லாம் அடங்கிவிடும். எல்லோரும் மழைக்கு அண்ணாந்து பார்ப்பார்கள். நான் எப்போதடா வெயில் அடிக்கும் என்று இருப்பேன். விரிசல் விரிய விரியச் சுவர் அவள் பக்கம் சாய்கிறது, அது எனக்குத் தெரியும். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தேனே. முதல் வருஷம் கால் அங்குலம். அன்றைக்கே அடைத்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் முக்கால். அடைக்கலாம், அடைக்கலாம் என்று இருந்தேன். அவள் தலைமாட்டில் ஒரு சுவரைச் சாயவிட்டுவிட்டு அவள் டீ குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். ‘வந்துருச்சுன்னு எத்தனை தரம் சொல்றது. காது போச்சா?’ கேட்கவில்லை. கட்டினேன். இரண்டு முடிந்தது.

மூன்றாவது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தச் சுவர் எழுப்பின அன்றைக்கும் அவள்தான் சித்தாள். ஆள் வைக்கலாம் என்றான் அய்யாத்துரை. வேண்டாம் என்றேன். நான் கட்டின வீடு, நானே கெடுத்துக்கொள்கிறேன். அவள் அறுபது வயசில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வரி, இரண்டு வரி. இடுப்பளவு வந்தது. நூல் பிடித்து, மட்டம் பார்த்து, தலையைக் குனிந்து வேலையில் இருந்தேன். வேலையில் இருந்தால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. கல் என்று கையை நீட்டுவேன், கல் வரும். கலவை என்பேன், கலவை வரும். நெஞ்சளவு. கழுத்தளவு. சாரம் போட்டு ஏறினேன். கல் என்றேன். கல் வந்தது, எதிர்ப்பக்கமிருந்து வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் நிற்கிறாள். எப்போது போனாள், எத்தனையாவது வரியில் போனாள், தெரியவில்லை. அங்கே நின்று கையைத் தூக்கிக் கல்லை நீட்டுகிறாள். வாங்கி வைத்தேன். அடுத்த கல். முகம் பாதி மறைந்தது. அடுத்தது. கை மட்டும் தெரிந்தது. கடைசி வரிக்கு அவள் நீட்டின கல்லை நான் வாங்கி, கலவை போட்டு, வைத்து, கரண்டிக் காம்பால் தட்டி உட்காரவைத்தேன். தட்டி உட்காரவைத்தேன். அதைத்தான் திரும்பத் திரும்ப. பிதுங்கின கலவையை வழித்துக்கூட எடுத்தேன். சுத்தமான வேலை. ‘வந்துருச்சு.’ மூன்று.

நாலாவது டியூப் என் காது உயரம். அவளும் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், மூச்சு வாங்குவது கேட்கிறது. இதற்கு மேல் ஐந்து, ஆறு, ஏழு. எழுந்து நின்றால் ஐந்து எட்டுவாள். ஆறுக்குக் கம்பை ஊன்றிக் கையைத் தூக்க வேண்டும். ஏழு காளீஸ்வரிக்குத்தான். அப்படியென்றால் இன்னும் இரண்டு டியூப் தூரம்தான் இவள் சத்தம். செம்பில் பாதி எடுத்து மெதுவாக விட்டேன். கொஞ்சம் மெதுவாக ஊற்றினால் ஒன்றும் கெட்டுப்போகாது. ‘மேஸ்திரி.’ ‘ம்.’ ‘ஒண்ணு கேக்கணும். ஊரு பூரா அஸ்திவாரத்துக்கு ஆறடி ஆறடின்னு வானம் தோண்ட வைப்பீக. நாயக்கர் வீட்டுக் கக்கூசுக்கே அஞ்சடி போட்டீக. இதுக்கு மட்டும் எதுக்கு ஒண்ணரை?’ ஒன்பது வருஷத்தில் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாள், பால் பாதி ஏறின பிறகு. செம்பை வைத்தேன். எடுத்தேன். சொல்லாமல் விட்டால் என்ன. இத்தனை நாள் சொல்லாமல் விட்டதில் என்ன கிழிந்தது. ‘பயலுக ரெண்டு வருஷத்துல ராசியாயிருவான்கன்னு நினைச்சேன்’ என்றேன். ‘அன்னைக்கு இடிக்கச் சுளுவா இருக்கணும்னு.’ களிமண்ணைப் பிசைகிறாள், சளக் சளக் என்று கேட்கிறது. ‘தெரியும்’ என்றாள். ‘சல்லி கொட்டுனது யாரு. ரெண்டாவது சட்டியிலேயே போதும்னீக. சரி, மேஸ்திரி நம்மளத் திரும்பக் கூட்டிக்கிட ஒரு வழி வைக்கிறாருன்னு நினைச்சேன்.’ மறுபடி களிமண்ணைப் பிசைந்தாள். ‘வாயால சொல்லிருந்தா நான் அன்னைக்கே அந்தப் பக்கம் நின்னுருப்பேன். செங்கல்லுல சொன்னா யாருக்கு விளங்கும்.’ மீதிச் செம்பையும் ஊற்றினேன். ‘வந்துருச்சு’ என்றாள். நாலு.

ஐந்து. எழுந்து நின்றேன். அந்தப் பக்கம் கம்பு தட்டுகிற சத்தம், அவளும் எழுந்துவிட்டாள். ஒரு செம்பு. அன்னைக்கே அந்தப் பக்கம் நின்னுருப்பேன். இரண்டு செம்பு. ஒரு வார்த்தைதானே. இங்க வா. இரண்டு வார்த்தை. கட்டடம் பூராவும் கத்துகிற வாய், நூலை இழு, தண்ணி விடு, சட்டியை நகர்த்து என்று ஐம்பது பேரைக் கத்துகிற வாய். மூன்று செம்பு. நாலு. ஓரடி ஏற இரண்டரை செம்பு போதும். ‘வந்துச்சா?’ ‘வரலையே.’ ஐந்தாவது செம்பையும் விட்டேன். இறங்குகிறது. தங்கவில்லை, இறங்குகிறது. எங்கேயோ போகிறது. மேலே ஏற ஏறக் கீழே அழுத்தம் கூடும், அடியில் எங்கேயோ பூச்சைத் தள்ளிவிட்டது. எங்கே. என் பக்கம் தரையைப் பார்த்தேன், காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் அந்தப் பக்கம். கட்டிலுக்கு அடியில். அங்கே கட்டில் கால் மறைத்து ஒரு முழம் சரியாகப் பூசியிருக்க மாட்டாள், குனிய முடியாதே, நான் நினைத்திருக்க வேண்டும். வடிந்துவிட்டால் உள்ளே மறுபடி பொள்ளல், பாதி இறுகினதுக்கு மேல் திரும்ப ஊற்றினால் இறங்காது. வெளியே பூச்சு, உள்ளே ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்குவேன், அவள் அதன் கீழே படுத்திருப்பாள். ‘ஏ, கட்டிலுக்கு அடியில பாரு.’ ‘ஆத்தாடி, வெள்ளமால்ல போகுது’ என்றாள். கட்டில் கால் கிறீச்சென்று இழுபட்டது. கம்பு விழுந்தது. அப்புறம் தொம்மென்று ஒரு சத்தம். கல் சத்தம் இல்லை. ஆள் விழுகிற சத்தம்.

‘ஏ’ என்றேன். டியூப்பில் வாயை வைத்து, ‘இந்தா, ஏ’ என்றேன். ஒன்றும் இல்லை. ஆறில் வைத்துக் கூப்பிட்டேன். காதை வைத்தேன். என் மூச்சுதான் திரும்பி வருகிறது. நாலு வரைக்கும் நான்தான் கட்டி அடைத்துவிட்டேன், தரையில் கிடக்கிறவள் சத்தம் எப்படி ஏறி வரும். அதே இடுப்பு. மறுபடி உடைந்தால் இனி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னானாம், காளீஸ்வரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது இந்த வழியாகத்தான் வந்தது. சுவரைக் குத்தலாமா. சம்மட்டி மூலையில் இருக்கிறது. புத்தி போகிற போக்கைப் பார். ஒன்பது வருஷமாக இந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று இருந்தவனுக்கு இப்போதும் அதுதான் தோன்றுகிறது. இடித்தால் அவள் மேல் விழும். வாசல் இருக்கிறது. வாசல். செம்பு கையிலேயே இருந்தது. தெருவில் வெயில் கண்ணை அடித்தது. எங்கள் வாசலுக்கும் அந்த வாசலுக்கும் எடுத்து வைத்தால் எட்டு எட்டு. எதிர்வீட்டில் யாரோ என்னைப் பார்த்து எழுந்தார்கள். மூன்று படி. நான் போட்ட படிதான், ஆறரை அங்குல உயரம். கால் தானாக ஏறிவிட்டது. அது ஏறிப் போன பிறகுதான், சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது.

கட்டில் கோணலாக இழுபட்டுக் கிடந்தது. அதற்குக் கீழே அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முழங்கை வரைக்கும் சாம்பல் நிறம். சேலை முந்தானையைச் சுருட்டி, களிமண்ணோடு சேர்த்துச் சுவர் அடியில் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அது கீற்றில் தெரியவில்லை எனக்கு. ‘இடுப்பு’ என்றேன். ‘இடுப்புக்கு ஒண்ணுமில்ல, உக்காந்த மாதிரிதான் விழுந்தேன்’ என்றாள். பிறகு என் கையில் இருந்த செம்பைப் பார்த்தாள். ‘ஊத்தாம இங்க என்ன பண்றீக. பால் இறுகுது. போங்க.’ ‘தூக்கி விடுறேன்.’ ‘கையை எடுத்தா அம்புட்டும் வெளிய வந்துரும். வேலையப் பாருங்க மேஸ்திரி.’ அதட்டினாள். ஒன்பது வருஷம் கழித்து வந்தவனைத் திருப்பி அனுப்புகிறாள். போனேன். எட்டு எட்டு. மூன்று செம்பு ஊற்றினேன். வந்துருச்சு என்று சொல்ல ஆள் இல்லை, அவள் தரையில் கிடக்கிறாள். நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். படி ஏறிப் பார்த்தேன். ஐந்தாவது காம்பில் சாம்பல் துளி எட்டிப் பார்த்தது. களிமண்ணை அப்பினேன். திரும்பி வந்து கட்டினேன். ஆறுக்கு ஊற்றினேன். போய்ப் பார்த்தேன், வரவில்லை. வந்து ஊற்றினேன். போய்ப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரன், என்ன பெரியவரே, ஓட்டப் பந்தயமா என்றான். உன் வேலையைப் பாருய்யா என்றேன். ஒவ்வொரு தரமும் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். ‘கை மரத்துப்போச்சா?’ ‘மரத்தா என்ன, உங்க கையா?’ ஏழாவதுக்கு ஸ்டூல் ஏறினேன். எத்தனை தரம் படி ஏறி இறங்கினேன் என்று தெரியவில்லை. காலைக் கேட்டால் சொல்லும்.

ஏழும் நிரம்பிவிட்டது. இனி அந்தப் பக்கம் இருந்தால் ஒன்றும் கேட்காது. நான் இந்தப் பக்கம் இருந்தேன், அவள் பக்கம். ‘இப்பக் கையை எடு’ என்றேன். ‘இன்னும் கொஞ்சம் இறுகட்டும்’ என்றாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். தரையில் உட்கார்ந்தேன். அவள் தலைக்குக் கீழே என் துண்டை மடித்து வைத்தேன். அவள் கைக்குப் பக்கத்தில் என் கையையும் சுவரில் வைத்தேன். சூடாக இருந்தது. இறுகும்போது சிமெண்ட் சுடும். பிறகு நான் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அடியில் ஒரு சொட்டு வரவில்லை. தூக்கி நிறுத்தி, கட்டிலில் உட்காரவைத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து முழங்கையிலிருந்து கழுவினேன். அந்தப் பிளந்த நகத்தில் சிமெண்ட் ஏறியிருந்தது. சுரண்டினேன். ‘மெதுவா’ என்றாள்.

வாசலில் லாரிச் சாவி சத்தம். தவசி உள்ளே வந்தான், என்னைப் பார்த்து நின்றான். அவன் நிற்கிற நிற்பில் நான் எழுந்துகொள்வேன் என்று எதிர்பார்த்தான் போல. எழுந்திருக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்தான், நனைந்த தரையைப் பார்த்தான், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். சுவரில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. ‘நல்லா நிக்குதே’ என்றான், யாரிடமோ சொல்கிற மாதிரி. அப்புறம் என்னிடம், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ‘யாருப்பா அடைச்சது?’ என்றான். இவன் அம்மா என்று சொல்லலாம். என் வீட்டுக்காரி என்று சொல்லலாம். ஏ என்றும் இந்தா என்றும்தான் ஐம்பத்திரண்டு வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறேன், கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி, அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் வேறு பக்கம் பார்க்கவில்லை. ‘சீனித்தாய்’ என்றேன்.